சித்தி எழுதி வைத்த பயணம்: மோரீன் ஜான்சனின் இளையோர் நாவல்

நியூ ஜெர்சியில் வாழும் 17 வயது ஜின்னி பிளாக்ஸ்டோனுக்கு, மூளைப் புற்றுநோயால் இறந்துபோன பெக் சித்தி விட்டுச்சென்ற நீல உறைகள் வந்து சேர்கின்றன. முதல் உறையில் கடவுச்சீட்டுக்கும் லண்டனுக்குச் செல்லும் விமானச் சீட்டுக்குமாக ஆயிரம் டாலர் இருக்கிறது. கூடவே சில நிபந்தனைகளும் உண்டு. முதுகுப்பையில் அடங்குவதை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும்; வழிகாட்டி நூலோ, கைபேசியோ, கேமராவோ, கைச்செலவுக்குக் கூடுதல் பணமோ கூடாது; ஓர் உறையில் சொன்ன வேலையை முடித்த பிறகே அடுத்ததைப் பிரிக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் மோரீன் ஜான்சன் 2005இல் வெளியிட்ட ‘தர்ட்டீன் லிட்டில் ப்ளூ என்வலப்ஸ்’ என்னும் ஆங்கில நாவல் இப்படித்தான் தொடங்குகிறது.

ஒருத்தி தன்னைத் தானே கண்டறிவதைச் சொல்ல வந்த கதையில், அவள் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதையெல்லாம் இன்னொருத்தி தீர்மானித்து வைத்திருப்பது முரண்பாடுதான். அந்த முரண்பாட்டை ஆசிரியர் அறிந்தே கையாளுகிறார் என்பதே இந்நாவலின் பலம் என்று கருதுகிறேன். லண்டனில் வறிய கலைஞன் ஒருவனுக்குத் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் 500 பவுண்டு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும்போதும், ரோமில் அறிமுகமற்ற ஓர் இளைஞனைக் கேக் சாப்பிட அழைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும்போதும், ஜின்னி துணிச்சலால் அல்ல, கீழ்ப்படிதலால்தான் அவற்றைச் செய்கிறாள். கூச்சம் மிகுந்த பெண் என்பதால் ஒவ்வொரு வேலையும் அவளுக்குத் தண்டனைபோல் இருக்கிறது; ரோம் நகரத்து அழைப்போ அவளை அச்சுறுத்தும் இடத்தில் போய் முடிகிறது.

ஆம்ஸ்டர்டாம் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே சித்தியின் பழைய நண்பர் வீடு மாறிப் போயிருக்கிறார். ரெம்பிராண்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியத்தைப் பற்றிக் கேட்கும்படி கடிதம் சொன்ன அருங்காட்சியகக் காவலரிடமோ சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாம் அறிந்தவள்போல் கடிதம் எழுதிய சித்திக்கும் தவறு நேரும் என்பது ஜின்னிக்கு முதன்முறையாக உறைக்கிறது. தங்க இடமின்றி நிற்கும் அவளைச் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்கக் குடும்பம், எந்த மணிக்கு எந்த அருங்காட்சியகம் என்று அட்டவணை போட்டு ஊர் பார்க்கும் வகையைச் சேர்ந்தது. அந்த அட்டவணையைப் படித்துச் சிரிக்கும் வாசகர், சித்தியின் கடிதங்களும் ஒருவகை அட்டவணைதானே என்று சற்றே தயங்குவார்.

பெக்கின் கடிதங்களில் குறும்பும் குற்ற உணர்வும் கலந்து ஒலிக்கின்றன; சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தை விட்டுப் போன ஒருத்தியின் நீண்ட விளக்கமாகவே அவற்றைப் படிக்கலாம். அந்தக் குரலுக்கு முன்னால் ஜின்னியின் குரல் மங்கித் தெரிவது நாவலின் குறை. லண்டன் நாடகக்காரன் கீத்துடன் வளரும் ஈர்ப்பு, அவனுடைய வேடிக்கைப் பேச்சைத் தாண்டி ஆழம் பெறவில்லை. கோபன்ஹேகனில் வந்து சேரும் ஆஸ்திரேலிய நண்பர்கள் நால்வரையும் ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிவது கடினம்.

முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தவிர்க்கலாம். கிரேக்கத்தில் ஜின்னி நீந்தப் போன நேரத்தில், கடைசி உறை பிரிக்கப்படாமலேயே அவளுடைய பை திருடு போகிறது. அதன் பிறகு என்ன செய்வது என்று சொல்ல எவருமில்லை. அதுவரை தெரிந்துகொண்டவற்றை வைத்து அவளே முடிவெடுத்தாக வேண்டும். நாவல் முழுவதும் ஒத்திப்போடப்பட்ட தன்னறிவு உண்மையில் இங்கேதான் பிறக்கிறது. தொலைந்த கடிதத்தைத் தேடிச் செல்லும் தொடர்ச்சியை ஆசிரியர் 2011இல் எழுதினார். படிக்கச் சுவையானதுதான் என்றாலும், அந்த உறை தொலைந்தே போயிருக்கலாம் என்பது என் கட்சி.

ஆங்கிலம் எளியது, அத்தியாயங்கள் சிறியவை. உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் படிப்பவர்கள் அகராதியை அதிகம் புரட்டாமல் வாசித்துவிடலாம். அடுத்து என்ன நடக்கும் என்னும் விறுவிறுப்பை மட்டும் நாடுபவர்களுக்கு நடுப்பகுதி தளர்வாகத் தோன்றலாம். நெருங்கிய ஒருவரை இழந்து, அவர்மேல் வருத்தத்தோடு கோபமும் கொண்டிருக்கும் பதின்பருவத்தினருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.