எதிர்ப்பு வந்த பிறகு என்ன? ஆன்டிபயாடிக்கும் ஃபேஜும்

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை எந்த வழியில் எதிர்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டிய கட்டம் ஆய்வு மாணவராக இருந்தபோது எனக்கு வந்தது. ஒரு குழு புதிய ஆன்டிபயாடிக் மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருந்தது. இன்னொரு குழு பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களான ஃபேஜ்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. நான் ஃபேஜ் பக்கம் போனேன். அது சரியான தேர்வு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆகவே கீழே வரும் ஒப்பீட்டில் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். என் கைப்பழக்கம் பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டோடும் சோதனைக் குழாயோடும் நின்றுவிடுகிறது. நோயாளிகளைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் வெளிவந்த மருத்துவ ஆய்வுகளைப் படித்து அறிந்தது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வேகத்தில் ஆன்டிபயாடிக்தான் முந்தி நிற்கிறது. காய்ச்சலோடு வருபவரின் உடலில் என்ன கிருமி என்று தெரியாத நிலையிலும் பல வகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்தை உடனே தொடங்கலாம். எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது, சிறுநீரகம் பழுதானவருக்கு எப்படிக் குறைப்பது என்பதற்கெல்லாம் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைக் காப்பதில் ஃபேஜ் முந்துகிறது. ஒரு ஃபேஜ் பெரும்பாலும் ஒரே இனத்தை, அதிலும் சில வகைகளை மட்டுமே தொடும். ஆன்டிபயாடிக் குடலைத் துடைத்தெடுத்த பிறகு க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு, ஃபேஜை மட்டும் கொடுக்கும்போது பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

ஃபேஜ் புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கங்கை, யமுனை நீரில் காலரா கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எர்னஸ்ட் ஹேங்கின் 1896-லேயே எழுதினார். 1915-ல் ஃப்ரெடரிக் ட்வோர்ட்டும், 1917-ல் ஃபெலிக்ஸ் டி'ஹெரெல்லும் தனித்தனியாக இந்த வைரஸ்களைக் கண்டார்கள். 1923-ல் ஜார்ஜியாவின் திபிலிசியில் ஜார்ஜ் எலியாவா தொடங்கிய நிறுவனம் இன்றும் ஃபேஜ் சிகிச்சை தருகிறது. 1940-களில் பெனிசிலின் பெருமளவில் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜைக் கைவிட்டன. ஜார்ஜியாவும் போலந்தும் விடாமல் பிடித்துக்கொண்டன.

இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. என்னை ஒரு பக்கம் தள்ளியது ஒரே கேள்வி: பாக்டீரியா எதிர்ப்பைப் பெற்றுவிட்ட பிறகு அடுத்து என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஆன்டிபயாடிக்கிடம் நல்ல பதில் இல்லை. பெனிசிலினைக் குறைந்த அளவில் பயன்படுத்தினால் கிருமிகள் எதிர்ப்பைப் பெறும் என்று அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-ல் தன் நோபல் உரையிலேயே எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019-ல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கீடு. ஒரு புதிய மூலக்கூறு ஆய்வகத்திலிருந்து மருந்துக்கடைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வந்த பிறகும், எதிர்ப்பு வராமலிருக்க அதைக் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கச் சொல்வார்கள். மருத்துவ நோக்கில் அது சரிதான். ஆனால் விற்காத மருந்தை வைத்துக்கொண்டு எந்த நிறுவனம் பிழைக்கும்? பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கிய அகாவோஜென் நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. இந்த வழியில் உழைக்கும் நண்பர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் கண்டெடுக்கும் மூலக்கூறு நோயாளியைச் சென்று சேருமா என்பதுதான் என் கவலை.

ஃபேஜுக்கும் எதிர்ப்பு வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. பாக்டீரியா படர்ந்த தட்டில் ஃபேஜ் கொன்ற இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் சில சமயம் அந்த வட்டத்துக்குள்ளேயே புள்ளி புள்ளியாகத் தப்பிய பாக்டீரியாக்கள் முளைத்திருக்கும். எதிர்ப்பு ஒரே இரவில் வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் நான் ஃபேஜ் பக்கம் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, மாற்று எளிதில் கிடைக்கிறது. தப்பிய அதே பாக்டீரியாவையே இரையாக வைத்துக் கழிவுநீரில் தேடினால், அதைக் கொல்லும் வேறொரு ஃபேஜ் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ கிடைத்துவிடும். பூமியில் ஃபேஜ்களின் எண்ணிக்கை 10-இன் 31-ஆம் அடுக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்தக் கிடங்கு தீராது. 2016-ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியருக்கு இதுதான் கைகொடுத்தது. எந்த மருந்துக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் பௌமானி தொற்றால் அவர் கோமாவில் இருந்தார். கொடுத்த ஃபேஜ் கலவைக்கு அந்தக் கிருமி எதிர்ப்பைப் பெற்றபோது, புதிய ஃபேஜ் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சிகிச்சையின் நடுவிலேயே சேர்த்தார்கள். அவர் பிழைத்து வீடு திரும்பினார். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே புதிய ஆன்டிபயாடிக் ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது காரணம்தான் என்னை முழுதாக இழுத்தது. ஃபேஜிடமிருந்து தப்ப பாக்டீரியா பல சமயம் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் சானும் பால் டர்னரும் ஒரு குளத்து நீரிலிருந்து ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜைப் பிரித்தெடுத்தார்கள். சூடோமோனாஸ் கிருமி, படகில் புகும் நீரை இறைத்துக் கொட்டுவதைப் போல, உள்ளே நுழையும் ஆன்டிபயாடிக்கைப் புரதக் குழாய்கள் வழியாக வெளியே தள்ளிவிடும். ஓஎம்கேஓ1 பற்றிக்கொள்வது அந்தக் குழாயையேதான். தப்ப வேண்டுமென்றால் கிருமி அந்தக் குழாயை மாற்றவோ இழக்கவோ வேண்டும். இழந்தால், பழைய ஆன்டிபயாடிக் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அசினெட்டோபாக்டரிலும் இது காணப்பட்டிருக்கிறது: ஃபேஜிடமிருந்து தப்பத் தன் வெளியுறையைக் கைவிட்ட கிருமிகள், முன்பு அசையாத மருந்துகளுக்கு மீண்டும் பணிந்தன. எந்தப் பக்கம் போனாலும் அடி விழும்படி கிருமியை மடக்கலாம் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்னும் குறையவில்லை.

இதிலிருந்து எழும் முடிவு, ஃபேஜ் மட்டும் போதும் என்பது அல்ல. பிரஸ்ஸல்ஸ் நகரின் குயீன் ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனை ஒருங்கிணைத்த, ஃபேஜ் சிகிச்சைக்கு அடுத்தடுத்து வந்த 100 நோயாளிகளின் தொகுப்பு 2024-ல் வெளியானது. அவர்களில் 77 சதவீதம் பேருக்கு உடல்நிலை தேறியது. 61 சதவீதம் பேரிடம் இலக்கு வைத்த கிருமி முற்றிலும் ஒழிந்தது. கூடவே ஆன்டிபயாடிக் கொடுக்காதபோது கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத தொகுப்பு அது. அதனால் தேறியது முழுக்க ஃபேஜால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டும் கைகோத்தால் பலன் கூடுகிறது என்ற திசையை அது காட்டுகிறது. தட்டில் நான் பார்ப்பதும் அதே திசைதான்.

நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனைகளில் ஃபேஜ் இதுவரை பெரிதாகச் சாதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்றுக்காக ஐரோப்பாவில் நடந்த ஃபேகோபர்ன் சோதனையில், வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பைவிட 12 ஃபேஜ்களின் கலவை மெதுவாகத்தான் வேலை செய்தது. சேமிப்பில் இருந்தபோதே கலவையின் வீரியம் சரிந்து, திட்டமிட்டதில் மிகச் சிறிய பங்கே நோயாளிக்குக் கிடைத்தது. திபிலிசியில் சிறுநீர்த் தொற்றுக்கு நடந்த சோதனையில் ஃபேஜ் ஆன்டிபயாடிக்கைவிடத் தாழ்ந்துபோகவில்லை. ஆனால் ஒப்பீட்டுக்காகத் தரும், மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்தைவிட உயர்ந்தும் நிற்கவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளிடம் ஃபேஜால் கெடுதல் எதுவும் இல்லை, நன்மையும் இல்லை. அவர்களில் பலருக்கு ஃபேஜ் குறிவைத்த ஈ.கோலை கிருமியே நோய்க்குக் காரணமாக இல்லாமலிருந்திருக்கலாம். அளவும் பொருத்தமும் தவறினால் ஃபேஜ் தோற்கும் என்றே இம்மூன்றையும் நான் வாசிக்கிறேன். என் சார்பு இந்த வாசிப்பில் கலந்திருக்கலாம்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஃபேஜ்தான் கூடுதல் சுமை. நோயாளியின் கிருமியைப் பிரித்து வளர்த்து, சேமிப்பில் உள்ள ஒவ்வொரு ஃபேஜையும் அதன் மீது சோதிக்க வேண்டும். சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுத் தொகுதிக்குள் ஒளிந்துகொள்ளும். காலரா நச்சையும் டிஃப்தீரியா நச்சையும் உருவாக்கும் மரபணுக்கள் அப்படிப்பட்ட ஃபேஜ்கள் சுமந்து வந்தவைதான். எனவே மரபணு வரிசையைப் படித்துப் பார்க்காமல் எந்த ஃபேஜையும் சிகிச்சைக்கு எடுக்கக் கூடாது. வெடித்த பாக்டீரியாவிலிருந்து வெளிவரும் எண்டோடாக்சின் நச்சையும் வடிகட்டி நீக்க வேண்டும். மாத்திரை அட்டையைப் போல அலமாரியில் அடுக்கி வைக்கும் பொருள் அல்ல இது. ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தாளுநர் தனியாகத் தயாரித்துத் தரும் மருந்து என்ற பிரிவில் பெல்ஜியம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இருப்பவற்றில் நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு அதுதான் என்பது என் எண்ணம்.

யாருக்கு எது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. செயற்கை மூட்டிலோ ரத்தக்குழாய் ஒட்டிலோ கிருமி படலமாகப் படிந்து, மருந்து நிறுத்தியதும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் தொற்று. கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரின் நுரையீரலில் நிலைத்துவிட்ட தொற்று. இப்படிப்பட்ட இடங்களில், கிருமி இன்னதென்று தெரிந்து, பொருத்தம் பார்க்க நாட்களும் இருந்தால், ஆன்டிபயாடிக்கோடு ஃபேஜையும் சேர்க்க வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம் என்பேன். வாரக்கணக்கில் ரத்தத்தில் ஏற்றும்போது உடல் ஃபேஜுக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உருவாக்கி அதைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். டைஃபாய்டு, காசநோய் போல மனித செல்லுக்குள் கிருமி பதுங்கும் நோய்களில் ஃபேஜ் அங்கே போய்ச் சேருவதே கடினம். ரத்தத்தில் தொற்று பரவி, மணிக்கணக்கில் உயிர் ஊசலாடும் நேரத்தில் ஃபேஜைத் தேடிக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. அங்கே ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்குவதுதான் ஒரே வழி.