ஒரே நாயகியை நூற்றுக்கணக்கான கட்டங்களில் வரைந்த பிறகு

சூப்பர்ஹீரோ உருவாக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இடுப்பில் கை, காற்றில் பறக்கும் துணி, மார்பில் சின்னம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காமிக்ஸில் அந்தப் படம் ஒருமுறைதான் வரும். அப்புறம் அதே ஆள் படியேற வேண்டும், போனில் பேச வேண்டும், முதுகைக் காட்டி உட்கார வேண்டும், தூரத்துக் காட்சியில் கடுகளவு தெரிய வேண்டும். என் முதல் காமிக்ஸுக்காக உருவாக்கிய நாயகியோடு இரண்டு வருடத்துக்கும் மேலாகக் குப்பை கொட்டியிருக்கிறேன். அவளுடைய வடிவமைப்பில் எது உழைத்தது, எது கையை ஒடித்தது என்று சொல்ல இப்போதுதான் எனக்கு யோக்கியதை வந்திருக்கிறது.

பெயர் நங்கூரம். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். வெறுங்கால் தரையில் பட்டிருக்கும்வரை தன் எடையை இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்வாள். லாரி மோதினாலும் அசையமாட்டாள். ஆனால் பறக்கத் தெரியாது, எகிறிக் குதிக்க முடியாது. இவள் கனத்தைத் தரை தாங்கவும் வேண்டும். மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு சக்தியைக் காட்டினால் இரண்டாவது மாடியில் போய் விழுவாள்.

சக்தியை யோசித்ததைவிட இந்தத் தடையை யோசிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. பலன் தந்ததும் அதுதான். கதை எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால், ‘இப்போது எந்தத் தரையில் நிற்கிறாள்?’ என்று கேட்டுக்கொள்வேன். மரப்பாலமா, படகா, கண்ணாடிக் கூரையா? அதிலேயே அடுத்த பக்கம் கிடைத்துவிடும். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்த ஒரு விதிவிலக்கு இல்லாவிட்டால் ஓவியருக்கு வரைய வெற்றுக் கட்டம்தான் மிஞ்சியிருக்கும். சக்தியும் அதன் குறையும் ஒரே படத்தில் தெரிகிற யோசனை அது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் சக்திகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். ஒன்று போதும், அதில் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை ஒன்று இருக்கட்டும்.

இனி பின்னல். இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் திருப்தி தந்த பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பறக்கிற நாயகர்களுக்கு முதுகில் துணி எதற்கு? வேகத்தைக் காட்ட. அசையாத படத்தில், உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று அந்தத் துணிதான் சொல்லும். என் நாயகியின் சக்தியோ நகராமல் இருப்பது. இதில்தான் சிக்கல். காமிக்ஸில் எல்லாமே அசையாத படம்தான். அதில் ஒருத்தி மட்டும் ‘அசைக்க முடியாதவள்’ என்று எப்படிக் காட்டுவது? தரையில் விரிசல் போட்டுப் பார்த்தேன், எல்லாப் பலசாலிகளுக்கும் அது உண்டு. உடம்பைச் சுற்றி ஒளிவட்டம் போட்டால் சாமி படம் மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் கைகொடுத்தது இடுப்பைத் தாண்டித் தொங்கும் ஒற்றைப் பின்னல். அதன் நுனியில் லிஃப்டிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை நட்டு. சாதாரண நேரத்தில் பின்னல் ஆடும், தோளில் புரளும், கதவில் மாட்டிக்கொள்ளும். சக்தி வந்துவிட்டால் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நேராகக் கீழே இறங்கி நின்றுவிடும். சுற்றிலும் புயலே அடிக்கட்டும், காகிதம் பறக்கட்டும், எதிரியின் தலைமுடி கலையட்டும். பின்னல் மட்டும் அசையாது.

இதை வசனத்தில் எங்கேயும் விளக்கவில்லை. கரட்டுப் பிரதியைப் படித்தவர்கள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். பின்னலைப் பார்த்தே ‘ஆஹா, இறங்கப்போகிறாள்’ என்கிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு. சண்டைக் காட்சியில் விறுவிறுப்புக்காகக் கட்டத்தையே சாய்த்து வரைவோம். அப்போது எது தரை, எது சுவர் என்று குழப்பம் வரும். பின்னல் தொங்கும் திசைதான் கீழ் என்பது பழகிவிட்டால் அந்தக் குழப்பம் போய்விடும்.

ஆனால் பின்னல் வரைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மூன்று கால் பின்னலை ஒவ்வொரு கட்டத்திலும் இழை இழையாக வரைந்தால் புத்தகம் இந்த ஜென்மத்தில் முடியாது. அதனால் மாடல் ஷீட்டில், அதாவது ஒரு பாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் மாதிரித் தாளில், மூன்று அளவுகளைத் தனித்தனியாக வரைந்து வைத்தேன். முகம் பெரிதாகத் தெரியும் கட்டத்தில் இழைகள் உண்டு. முழு உருவம் தெரியும் கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ‘வி’ வடிவங்கள் மட்டும். தூரத்துக் காட்சியில் இரண்டு பக்கமும் பல் வைத்த ஒரு கறுப்புக் கோடு, நுனியில் ஒரு புள்ளி. சின்னம், காலணி, ஆயுதம் என்று எதை வடிவமைத்தாலும் இப்படி அருகே, நடுவே, தூரத்தில் என்று மூன்று விதமாக முதலிலேயே வரைந்துவிடுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று சுற்றிக்காட்டும் வழக்கமான ஷீட்டைவிட எனக்கு இதுதான் அதிகம் பயன்பட்டது.

உடல் அளவு. சாதாரண மனித உடம்பு ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் என்பது ஓவியக் கணக்கு. சூப்பர்ஹீரோக்களை எட்டு, எட்டரை, சிலர் ஒன்பது தலை வரைக்கும் நீட்டுவார்கள். நங்கூரத்துக்கு ஆறரைதான் வைத்தேன். குட்டை, அகலமான தோள், பரப்பி வைத்த கால்கள். உள்ளே முழுக்கக் கறுப்பு அடித்து, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிகிறது. நான் எதிர்பார்க்காத வசதி பேச்சு பலூனில் கிடைத்தது. தமிழ் வசனத்துக்கு இடம் அதிகம் வேண்டும். ஒரே சொல் பலூனின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ளும். நாயகி குட்டையாக இருப்பதால் கட்டத்தின் மேல்பாதி எப்போதும் காலியாகக் கிடைக்கிறது. நெட்டையான வில்லன் வரும் பக்கங்களில்தான் பலூனை எங்கே வைப்பது என்று திண்டாட வேண்டியிருக்கிறது.

வெறுங்கால் என் யோசனை இல்லை. வசனம் பார்த்துக்கொடுத்த நண்பர் சொன்னது. நான் கனத்த பூட்ஸ் போட்டிருந்தேன். “பூட்ஸ் போட்டா கனம் பூட்ஸோடதுன்னு தோணும்ப்பா, காலைக் காட்டு” என்றார். இப்படி இன்னொருவர் கண் எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பேட்மேனே சாட்சி. 1939இல் பாப் கேன் வரைந்த முதல் உருவத்துக்குச் சிவப்பு உடை, விறைப்பான இறக்கை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. காதுள்ள தலைமூடி, துணி மேலங்கி, சாம்பல் நிறம், கையுறை எல்லாம் எழுத்தாளர் பில் ஃபிங்கர் சொன்ன மாற்றங்கள். அவருக்கு முறையான பெயர் அங்கீகாரம் கிடைத்தது 2015இல். அதற்குள் அவர் இறந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. என் நண்பர் பெயரை அட்டையிலேயே போட்டுவிட்டேன்.

பாதம் வரைவது கஷ்டம்தான். ஆனால் கனத்தைக் காட்ட முகத்தைவிடப் பாதம்தான் உதவுகிறது. விரல்கள் விரிந்து தரையைப் பற்றுவது, குதிகாலைச் சுற்றித் தோல் பிதுங்குவது, பெருவிரல் நகம் வெளிறுவது. இதற்கு முப்பரிமாண பொம்மைகளை நம்பிப் பிரயோஜனமில்லை. நான் முயன்ற பொம்மை எந்த நிலையில் வைத்தாலும் எடையே இல்லாமல் நின்றது. தண்ணீர் நிரப்பிய வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, போன் கேமராவில் டைமர் வைத்து என் காலையே படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தொகுப்பை வேறு யாரும் பார்க்காமல் இருப்பது நல்லது.

முகமூடி விஷயத்தில் எனக்கு இன்னும் அரைமனதுதான். 1962இல் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ ஸ்பைடர்மேனுக்கு முகம் முழுவதையும் மூடினார். உணர்ச்சியை உடம்பின் வளைவிலேயே கொண்டுவரும் திறமை அவரிடம் இருந்தது. அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. நங்கூரத்துக்கு மூக்கிலிருந்து கீழே மூடும் வேலைக்காரத் தூசிமூடி. கண்ணும் புருவமும் தெரிவதால் கோபம், சந்தேகம், களைப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. சிரிப்பு வருவதில்லை. கத்தினாலும் தெரிவதில்லை. பேச்சுக் காட்சி வந்தாலே ஏதாவது சாக்குச் சொல்லி மூடியைக் கழற்ற வைக்கிறேன். நாயகியின் அடையாளம் ஊருக்கே தெரிந்துவிடாதா என்று யாராவது கேட்டால், தெரியட்டும் என்பதுதான் பதில்.

நிறத்தில் ரொம்ப யோசிக்கவில்லை. செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், பின்னலின் கறுப்பு, அவ்வளவுதான். யோசிக்க வேண்டியது அச்சைப் பற்றி. ஹல்க் 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தார். அந்தச் சாம்பலை அச்சில் ஒரே சீராகக் கொண்டுவர முடியாததால் இரண்டாவது இதழில் பச்சையானார். இன்றைய அச்சு எவ்வளவோ மேல். ஆனாலும் திரையில் ஒளியால் காட்டும் ஆர்ஜிபி நிறமும், காகிதத்தில் நான்கு மைகளால் விழும் சிஎம்ஒய்கே நிறமும் ஒன்றல்ல. பளிச்சென்ற நீலமும் ஊதாவும் பச்சையும் காகிதத்தில் மங்கிவிடும். என் சிவப்பே காவி பக்கம் சாய்ந்தது. புத்தகம் அச்சாகப் போகும் அதே காகிதத்தில் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்து, நான்கு மைகளின் சதவீதத்தை மாடல் ஷீட்டிலேயே எழுதி வைத்துவிட்டால், ஐந்தாவது பக்கத்துச் சட்டை பத்தாவது பக்கத்தில் வேறு நிறமாகாது.

கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். உருவத்தைத் தேடும் நிலையில் காகிதமும் நீலப் பென்சிலும் போதும். மேலே கறுப்பு இங்க் போட்டு ஸ்கேன் செய்தால் நீலத்தை மட்டும் கணினியில் சுலபமாக நீக்கிவிடலாம். காகிதத்தில் அழிப்பது சிரமம் என்பதே ஒரு நன்மை: பிடிக்காத உருவத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக வரைவோம், பழையதும் கண்முன்னே இருக்கும். பக்கங்களைத் திரைமேலேயே பேனாவால் வரையும் ஸ்கிரீன் டேப்லெட்டில், கிரிட்டா மென்பொருளில் வரைகிறேன். இலவசம், கோடு நடுங்காமல் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு, விசைப்பலகையில் ‘M’ விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திரும்பும். இந்த ஒரு விசைக்காகவே அதைச் சிபாரிசு செய்வேன். கோணிய கண்ணும் ஏறிய தோளும் உடனே பல்லை இளிக்கும். கோட்டு ஓவியத்தை அச்சு அளவில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் குறைக்கலாம், கூட்ட முடியாது. டேப்லெட்டின் மேல் சொரசொரப்பான தாள் ஒட்டினால் காகிதத்தில் எழுதுவதுபோலவே இருக்கும், ஆனால் பேனாவின் நிப் சீக்கிரம் தேயும். நிப் தேய்ந்து ஒரு பக்கம் கூராகிவிட்டால் தாளில் கீறல் விழும். மாற்று நிப்பைக் கையிலேயே வைத்திருங்கள்.

காப்புரிமைக் கவலைக்கு நீளமான பதில் தேவையில்லை. ‘எடை கூட்டும் சக்தி’ என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் வரைந்த உருவமும் எழுதிய கதையும் உங்களுக்குச் சொந்தம், அதுவும் உருவாக்கிய உடனேயே. பெயர் தனி விவகாரம், வர்த்தக முத்திரைச் சட்டத்துக்குள் வரும். பெயரை முடிவு செய்யுமுன் அதே பெயரில் வேறு நாயகர் உண்டா என்று தேடிவிடுங்கள். அமெரிக்காவில் ‘சூப்பர் ஹீரோ’ என்ற சொல்லையே காமிக்ஸ் நிறுவனங்களான மார்வெலும் டிசியும் கூட்டாக வர்த்தக முத்திரையாகப் பதிந்து வைத்திருந்தன. 2024இல்தான் அது ரத்தானது.

கடைசியாக, இந்த வடிவமைப்பில் ஆகப் பெரிய தொல்லை இடுப்புப் பட்டை. அதில் திருப்புளி, ஸ்பேனர், டார்ச், குறடு, சுருட்டிய ஒயர் எல்லாம் தொங்குகின்றன. முதல் படத்தில் கம்பீரமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எது இடப்பக்கம், எது வலப்பக்கம், போன சண்டையில் எறிந்த ஸ்பேனர் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கதைக்கு இதுவரை உதவியது டார்ச் மட்டும்தான். இரண்டாவது இதழில் பட்டை போகிறது, டார்ச் பாக்கெட்டுக்குள் போகிறது. வாசகர்கள் கவனிக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கவனித்துக் கேட்டால், லிஃப்ட் கம்பெனியில் வேலை போய்விட்டது, கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லப்போனால் அது முதல் பக்கத்துக்கே நன்றாக இருக்கும்.