வேகம் கிடக்கட்டும், டிரே திறக்கட்டும்

என் டிவிடி ரைட்டரின் பெல்ட்டை மாற்றியாகிவிட்டது. சிடி வைக்கும் டிரே திறக்கிறது. இந்த நல்ல மனநிலை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. அது கலைவதற்குள் நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன். வீட்டுக் கணினிக்கு ஒரு சிடி ரைட்டர் வேண்டுமாம். எதை வாங்கலாம் என்கிறார். இந்தக் காலத்தில் சிடியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஸ்கேன் எடுக்கப் போனால் இன்றும் உறையில் போட்டு ஒரு சிடி தருகிறார்கள். பலர் வீட்டுக் கல்யாணப் படங்கள் சிடியில்தான் கிடக்கின்றன. நண்பரின் அப்பாவுக்கோ கச்சேரி கேட்க சிடி பிளேயர்தான் கைக்குப் பழகியது.

என்னிடம் இருப்பது கணினியின் கேபினட்டுக்குள் பொருத்தும் 5.25 அங்குல டிவிடி ரைட்டர். சிடியும் எழுதும். பல வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. கம்பெனிப் பெயர் வேண்டாம். டிரே விஷயத்தில் மற்ற கம்பெனிக்காரர்களும் உத்தமர்கள் அல்லர்.

அந்த டிரே இருக்கிறதே! பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும், உள்ளே மோட்டார் முனகும், 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் மறுபடி முனகல். இதில் வேடிக்கை, உள்ளே சிடி இருந்தால் டிரே சமர்த்தாக வெளியே வந்துவிடும். காலியாக மூடியிருந்தால்தான் அடம். பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. சிடியை மேலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு சிறிய வட்ட மூடி இருக்கிறது. காந்தத்தின் இழுப்பில் அது சுழலும் அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. நடுவே 1.2 மில்லிமீட்டர் கனத்தில் சிடி இருந்தால் இரண்டுக்கும் இடைவெளி விழுந்து பிடி தளரும். சிடி இல்லாவிட்டால் நெருங்கி இறுகக் கவ்விக்கொள்ளும். டிரேயை வெளியே தள்ளுவதற்கு முன் மோட்டார் அந்தப் பிடியை விடுவித்தாக வேண்டும். மோட்டாரின் விசையைப் பற்சக்கரத்துக்குக் கொண்டுபோவதோ ஒரு சின்னஞ்சிறு ரப்பர் பெல்ட். அது தொய்ந்துவிட்டால் சரியாக அந்த முதல் இழுப்பில் வழுக்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் டிரைவ் காலியாக இருக்கக் கூடாது என்பது சட்டமாயிற்று. கெட்டுப்போன ஒரு சிடியை உள்ளே நிரந்தரமாகக் குடியமர்த்தினோம். அதற்கும் தண்டனை உண்டு. கணினியைப் போடும்போதெல்லாம், ஏன், ஏதோ ஒரு கோப்பைச் சேமிக்கப் போகும்போதுகூட, டிரைவ் விழித்துக்கொண்டு அந்த உதவாக்கரை சிடியைப் படிக்க முயலும். அது முடியும்வரை திரை அசையாது. கணினியை அணைத்துவிட்டு, முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நுழைத்தும் திறக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கள்ளச்சாவி போட்டுத் திறப்பதுபோல் இருப்பதால் எனக்கு அது பிடிக்காது.

கணினி பழுதுபார்க்கும் கடையில், "இதையெல்லாம் யார் சார் கழற்றுவது, புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். டேப் ரிக்கார்டர் சரிசெய்யும் பெரியவர் ஒருவர்தான், பழைய பெல்ட்டை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, தகர டப்பாவைக் கவிழ்த்துத் தோதான ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். வெந்நீரில் போட்டு எடுத்தால் பழைய பெல்ட்டே சுருங்கும் என்பார்கள். சுருங்கும்தான், ஆனால் சீக்கிரமே பழையபடி தொய்ந்துவிடும்.

இத்தனை திட்டியாகிவிட்டது, இனி நியாயத்தையும் பேச வேண்டும். இந்த டிரைவ் நிதானமாக எழுதிக் கொடுத்த சிடி இதுவரை எந்த பிளேயரிலும் திக்கியதில்லை. மற்ற கணினிகள் துப்பிய கீறல் சிடிக்களைக்கூட இது முக்கி முனகியாவது படித்துவிடுகிறது. கச்சேரிப் பதிவு எழுதுவதில்தான் இதன் அருமை தெரியும். மென்பொருளில், முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுத்து, டிராக் இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். டிராக் டிராக்காக நிறுத்தி எழுதும் 'டிராக் அட் ஒன்ஸ்' என்றால் ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவே 2 விநாடி மௌனம் விழும். தானம் முடிந்து பல்லவிக்குள் இறங்கும் இடத்தில் அப்படி ஒரு வெட்டு விழுந்தால் நண்பரின் அப்பா என்ன சொல்வார் என்று எழுதத் தேவையில்லை. அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ அவருக்கு வேண்டாம். அது ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்வதில்லை. சிடியின் மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுவதும் வேண்டாம். பதிவைத் தாங்கும் சாயமும் உலோகப் படலமும் அந்தப் பக்கத்துப் பூச்சுக்கு நேர் கீழேதான் இருக்கின்றன. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வழியுண்டு. மேலே கீறினால் கதை முடிந்தது.

டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 48எக்ஸ், 52எக்ஸ் என்ற வேகமெல்லாம் விற்பதற்காகச் சொல்வது. 1எக்ஸ் என்றால் விநாடிக்கு 150 கிலோபைட். 80 நிமிட சிடியை எழுத 80 நிமிடம் ஆகும். 16எக்ஸில் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். 48எக்ஸ் என்பது வெளி ஓரத்தை எட்டும்போது மட்டும் கிடைக்கிற வேகம். உள்ளே அதில் பாதிகூட இல்லாமல்தான் ஆரம்பிக்கிறது. மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். அதற்காக 52எக்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றவிட்டால், பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்து வந்து என்ன சத்தம் என்று கேட்பார். சிடி எழுதும்போது மவுஸைத் தொடாதே என்று பிள்ளைகளை விரட்டிய காலமும் போய்விட்டது. தரவு வருவது தடைப்பட்டால் எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி 2000 வாக்கிலேயே வந்துவிட்டது.

யுஎஸ்பியில் செருகும் ஒல்லி டிரைவ் ஒன்றையும் சில காலம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். சிடி எழுத 24எக்ஸ்தான் உச்சம். நமக்கு அதுவே அதிகம். லேசர் லென்ஸ் டிரேயோடு சேர்ந்து வெளியே வருவதால் தூசி படியும். என் சிடி பிளேயருக்குப் பிடித்த நிதானமும் அதன் எழுத்தில் இல்லை. கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பியில் செருகினால் மின்சாரம் போதாமல் பாதியில் கைவிடுகிறது. பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள துளையில் செருகினால் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் டிரேயைத் திறக்க அதில் மோட்டாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கொக்கி விடுபட்டதும் ஸ்பிரிங் தள்ளிவிடும், மூடுவது நம் கை.

அதனால் நண்பருக்கு என் பதில்: ஒல்லி டிரைவையே வாங்குங்கள். புதிய கேபினட்டுகள் பலவற்றில் 5.25 அங்குல இடமே கிடையாது, தேடி அலைய வேண்டாம். எழுதுவதில் என்னுடையது ஒரு படி மேல்தான். இருந்தாலும் நான் பட்ட பாட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஒல்லி டிரைவ் வாங்க ரிச்சி தெருப் பக்கம் போகும்போது, பழைய சாமான் கடையில் என் மாடல் கண்ணில் பட்டால் மட்டும் ஒரு போன் செய்யுங்கள். பெல்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.