மலையூருக்கு எந்த பிரவுசர்? குரோம், எட்ஜ், பிரேவ், ஃபயர்ஃபாக்ஸ்

பிரவுசர் வேகத்தை அளக்க ஸ்பீடோமீட்டர் என்றொரு சோதனை உண்டு. அதன் மூன்றாம் பதிப்பை 2024 மார்ச்சில் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா முதலியோர் சேர்ந்து வெளியிட்டார்கள். அதில் பெரும்பாலும் குரோம் முன்னால் நிற்கும், ஃபயர்ஃபாக்ஸ் கொஞ்சம் பின்தங்கும். பக்கம் வந்து சேர்ந்தபிறகு பிரவுசர் அதை எவ்வளவு சுறுசுறுப்பாக இயக்குகிறது என்பதைத்தான் அந்த மதிப்பெண் சொல்கிறது. நீலகிரியின் மஞ்சூரிலும் கிண்ணக்கொரையிலும், கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் சிக்கலே பக்கம் வந்து சேர்வதில்தான். அதனால் இங்கே நான் முதலில் பார்ப்பது, எந்த பிரவுசர் வேண்டாத சரக்கை இறக்காமல் விடுகிறது என்பதை. அந்தக் கணக்கில் நான் வைத்திருப்பது ஃபயர்ஃபாக்ஸ், கூடவே யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். பிரவுசரோடு சேர்த்துப் போடும் இப்படியான துணை மென்பொருளைத்தான் எக்ஸ்டென்ஷன் என்கிறோம்.

கணக்கை உடைத்துப் பார்க்கலாம். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் பிரவுசர் அந்தத் தளத்தின் சர்வரோடு மட்டும் பேசுவதில்லை. விளம்பரம், வாசகர் கணக்கெடுப்பு, எழுத்துரு, வீடியோ, சமூக வலைத்தளப் பொத்தான் என்று பத்திருபது வேறு சர்வர்களையும் தட்டுகிறது. ஒவ்வொரு புது சர்வருக்கும் முகவரி தேட ஒரு நடை, இணைப்புப் பிடிக்க ஒரு நடை, குறியாக்கத்துக்கு ஒரு நடை, கோப்பைக் கேட்க ஒரு நடை. ஆக மொத்தம் நான்கு. மழை நாளில் ஒரு கம்பி சிக்னலில் ஒரு நடைக்கு 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். முதல் பைட் கைக்கு வருமுன் 0.8 செகண்ட் போய்விட்டது. இவற்றில் பல ஒரே நேரத்தில் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் தரவுப் பாக்கெட் வழியில் தொலைந்து திரும்பக் கேட்கும் சூழலில் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் படிக்க வந்த நான்கு பத்தி அந்த வரிசையில் எங்கோ பின்னால் மாட்டியிருக்கும்.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போய், கேஷை (முன்பே இறக்கிச் சேமித்து வைத்த கோப்புகளை) முடக்கும் பெட்டியில் டிக் போட்டு, வழக்கமாகப் படிக்கும் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கீழ் வரியில் எத்தனை கோரிக்கை, எத்தனை எம்பி, எத்தனை செகண்ட் என்று வரும். பிறகு தடுப்பானை இயக்கி அதே பக்கத்தை ஏற்றுங்கள். இரண்டு பிரவுசர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே பிரவுசரில் தடுப்பான் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று அப்போது தெரியும். அதே பகுதியில் 3ஜி வேகத்தைப் பாவனை செய்யும் வசதியும் இருக்கிறது. கீழ்நாட்டில் இருந்துகொண்டு மலையில் ஹோம்ஸ்டே தளம் நடத்துகிறவர்கள் அதில் ஒருமுறை தங்கள் தளத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

இறங்காத ஸ்கிரிப்டுக்கு (பக்கத்தோடு வந்து ஓடும் நிரலுக்கு) ரேமும் வேண்டாம், அது ஆளைப் பின்தொடரவும் முடியாது. வேகம், மெமரி, அந்தரங்கம் மூன்றையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டும் ஒப்பீடுகள் எனக்கு ஒப்பாததற்குக் காரணம் இதுதான். மூன்றுக்கும் மூலம் ஒன்று.

இங்கேதான் குரோம் சறுக்குகிறது. முன்பு ஒவ்வொரு கோரிக்கையும் போகுமுன் எக்ஸ்டென்ஷன் அதைப் பார்த்து, விடலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது முறையில், தடுக்கவேண்டிய விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 2024-ன் பிற்பகுதியில் பழைய முறை எக்ஸ்டென்ஷன்களைக் கழற்ற ஆரம்பித்த குரோம், 2025-ல் அந்த வேலையை முடித்துவிட்டது. முழு யூபிளாக் ஆரிஜின் அதில் இப்போது ஓடாது. லைட் பதிப்பு ஓடும், சாதாரண விளம்பரங்களை நன்றாகவே தடுக்கும். ஆனால் மலைக்கு உண்மையாக உதவும் இரண்டு வசதிகள் அதில் இல்லை.

ஒன்று, குறிப்பிட்ட அளவுக்கு மேலான படங்களையும் வீடியோக்களையும் தடுப்பது. யூபிளாக் ஆரிஜினின் அமைப்புப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது, இயல்பாக 50 கேபி என்று போட்டிருக்கும். டிக் செய்தால் பெரிய படங்கள் வரும் இடத்தில் வெற்றுக் கட்டம் மட்டும் நிற்கும், வேண்டியதைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். 50 கொஞ்சம் கறார். 150 வைத்தால் சின்னப் படங்கள் தானாக வரும், முகப்பில் போடும் ராட்சதப் படங்கள் நிற்கும். இரண்டு, வெளி எழுத்துருக்களைத் தடுப்பது. தமிழ்த் தளங்கள் பல தனி எழுத்துருக் கோப்புகளை இறக்கும், அது வரும்வரை தலைப்பு தெரியாமல் வெள்ளையாக நிற்கும். தடுத்துவிட்டால் விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவில் உடனே படிக்கலாம். அழகு கொஞ்சம் குறையும். இதில் ஒரு தொல்லையும் உண்டு: சில தளங்கள் மெனு, தேடல், கூடை போன்ற சின்னங்களையும் எழுத்துருவாகவே வைத்திருப்பதால், பொத்தான் இருக்கும் இடத்தில் சின்னக் கட்டமோ சம்பந்தமில்லாத எழுத்தோ தெரியும். அந்தத் தளத்துக்கு மட்டும் யூபிளாக் ஐகானைத் தட்டி, எழுத்துருக் குறியை விடுவித்தால் சரியாகிவிடும்.

ரேம் விஷயத்தில் நான்கு பிரவுசரும் பெரிய வித்தியாசம் இல்லாத கூட்டம். ஸ்பெக்டர் என்ற புராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் 2018-ல் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸில் அடைக்கத் தொடங்கியது. 2021-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதே வழிக்கு வந்தது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை ரேம். 4 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், ஒரு புக்கிங் தளம் திறந்தாலே மூச்சு முட்டும். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் குரோமிலும் சரி, ஃபயர்ஃபாக்ஸிலும் சரி, பட்டியல் வந்துவிடும். இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி ரேம் போடுவது எந்த பிரவுசர் மாற்றத்தையும்விட அதிகப் பலன் தரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மெமரியை மிச்சப்படுத்தும் முறைதான் வேறுபடுகிறது. குரோமின் மெமரி சேவர், பயன்படுத்தாத டேப்பைக் கழற்றிவிட்டு, திரும்பப் போகும்போது பக்கத்தை முதலிலிருந்து இறக்கும். ஃபைபர் இருந்தால் இது வரம். சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், காலையில் திறந்து வைத்த பக்கம் மத்தியானம் பார்க்கப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பாதி நிரப்பிய படிவங்களைக் கழற்றுவதில்லை என்று குரோம் விதி வைத்திருந்தாலும், லாகின் செய்து வெறுமனே திறந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. குரோம்தான் வேண்டும் என்பவர்கள் பெர்ஃபார்மன்ஸ் அமைப்பில் முக்கியமான தளங்களை எப்போதும் விழித்திருக்கச் சொல்லிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எட்ஜ் கெட்டிக்காரத்தனமாக நடக்கிறது: முதலில் டேப்பை உறையவைக்கிறது, ரேம் நெருக்கடி முற்றினால்தான் கழற்றுகிறது. உறைந்த டேப் மறுபடி இறங்க வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸோ விண்டோஸில் மெமரி தீரும் நிலை வந்தால்தான் தானாகக் கழற்றும். 2025 ஜூனில் வந்த 140-ஆம் பதிப்பிலிருந்து, டேப்பில் வலது கிளிக் செய்து எதைக் கழற்றலாம் என்று நாமே சொல்லலாம்.

கரண்ட் போய் வரும்போது இன்னொன்றும் தெரியும். ஆடிக் காற்றில் மரம் விழுந்து லைன் போவது கூடலூர், குந்தா பக்கத்தில் புதுச் செய்தி இல்லை. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் படக்கென்று அணைந்து, மறுபடி வந்ததும் பழைய டேப்களை மீட்டெடுப்போம். ஃபயர்ஃபாக்ஸ் 15 செகண்டுக்கு ஒருமுறை டேப் பட்டியலைக் குறித்துக்கொள்கிறது. மீட்டபின் கண்முன் இருக்கும் டேப்பை மட்டும் இறக்கும், மற்றவை தொட்டால்தான் எழும். குரோம் பின்னணியில் மற்ற டேப்களையும் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கும். கரண்ட் வந்த நேரத்தில் டவரில் ஊரே கூடியிருக்கும்போது அது நமக்குத் தேவையில்லாத வேலை.

எட்ஜைப் பற்றி இதற்கு மேல் நீட்ட ஒன்றுமில்லை. 2020 ஜனவரியிலிருந்து அதுவும் குரோமுக்கு அடித்தளமான குரோமியம்தான். எக்ஸ்டென்ஷன் விஷயத்திலும் குரோம் போகும் வழியிலேயே போகிறது. ஷாப்பிங், செய்தி, கோபைலட் என்று அது நீட்டும் தட்டுகளை ஒவ்வொன்றாக அணைக்கப் பொறுமை வேண்டும்.

பிரேவ் கவனிக்க வேண்டியது. தடுப்பான் உள்ளேயே இருப்பதால் எக்ஸ்டென்ஷன் விதி மாறினாலும் அதற்குப் பாதிப்பில்லை. “அண்ணா, எனக்கு செட்டிங்ஸ் எல்லாம் தெரியாது, போட்டவுடனே ஓடணும்” என்று கேட்கும் தம்பி தங்கைக்கு நானே பிரேவைத்தான் சொல்வேன். கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் சின்னங்களை முதல் நாளே மறைத்துவிடுங்கள். 2020-ல் கிரிப்டோ தள முகவரிகளைத் தட்டச்சு செய்தபோது பிரேவ் தன் கமிஷன் இணைப்பை நடுவில் சேர்த்தது அம்பலமாகி, பிறகு நீக்கப்பட்டது. என் நம்பிக்கையில் ஒரு படி குறைந்தது அப்போதுதான்.

ஃபயர்ஃபாக்ஸும் புடம்போட்ட தங்கமில்லை. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கிடைக்கும் பணம். 2024 ஜூலையில் 128-ஆம் பதிப்பில் விளம்பர அளவீட்டு வசதி ஒன்றைக் கேட்காமலே இயக்கிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ‘உங்கள் தரவை விற்க மாட்டோம்’ என்ற பழைய வாக்குறுதியின் வாசகத்தை மாற்றி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே போட்டவுடன் பிரைவசி பகுதிக்குப் போய், தரவு சேகரிப்புப் பெட்டிகளில் உள்ள டிக்குகளை எடுத்துவிடுங்கள். மறுபக்கம், ஒரு தளத்தின் குக்கீயை (நம்மை அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கும் குறிப்பை) இன்னொரு தளம் தொட முடியாமல் தனித்தனியாகப் பூட்டும் முறை 2022 ஜூனிலிருந்து அதில் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கீயை ஒழிக்கிறேன் என்று 2020-ல் சொன்ன குரோம், 2024-ல் பின்வாங்கி, 2025-ல் அந்தப் பேச்சையே முடித்துவிட்டது.

ஹோம்ஸ்டே, டிராவல்ஸ் மேசைகளுக்கு ஃபயர்ஃபாக்ஸில் உள்ள கன்டெய்னர் எக்ஸ்டென்ஷன் தனி லாபம். தொழில் ஜிமெயில் ஒரு நிறத்தில், சொந்த ஜிமெயில் இன்னொரு நிறத்தில், ஒரே விண்டோவில் கலக்காமல் ஓடும். விருந்தாளி “ஒரு பிரின்ட் எடுத்துக்கட்டுமா” என்று வந்தால் பிரைவேட் விண்டோவைத் திறந்து கொடுங்கள். அதற்கு முன் பிரைமரி பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்; இல்லாவிட்டால் சேமித்த கடவுச்சொற்கள் அந்த மேசையில் உட்காருகிறவருக்குத் திறந்த வீடு.

இனி ஃபயர்ஃபாக்ஸ் மாட்டும் இடங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஜிஎஸ்டி, டெண்டர் தாக்கல் செய்கிறவர்களுக்கு அது தகராறு செய்யலாம். சான்றிதழ்ப் பட்டியலை ஃபயர்ஃபாக்ஸ் தனியாக வைத்திருக்கிறது. கையெழுத்து மென்பொருள் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு முகவரி வழியாகப் பேசும்போது, அந்தச் சான்றிதழை ஒருமுறை விதிவிலக்காக ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் நின்றுவிடும். சில வங்கித் தளங்களும் குரோமில் மட்டுமே சோதிக்கப்பட்டவை. இந்த வேலைகளுக்கென்று எட்ஜை எக்ஸ்டென்ஷன் ஏதும் இல்லாமல் வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் எப்படியும் இருக்கிறது. ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வரவில்லை என்றால், பாதுகாப்பான டிஎன்எஸ் (தளத்தின் முகவரியைத் தேடும் வசதி) உச்ச நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், குறைத்தால் வரும்.

போனில் கணக்கு கொஞ்சம் மாறும். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் முழுதாக ஓடும், ஆனால் 3 ஜிபி ரேம் உள்ள பழைய போனில் அது திறக்கவே தயங்கும். அங்கே பிரேவ் லகுவாக இருக்கிறது. ஐஃபோனில் எதைப் போட்டாலும் அடியில் ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான், மாற்றிப் பயனில்லை. டேட்டா சுருக்கித் தந்த குரோமின் லைட் மோட் 2022 மார்ச்சோடு நின்றுவிட்டது. ஓபரா மினியின் உச்ச சேமிப்பு முறை இன்னும் உண்டு. அதில் பக்கம் அவர்கள் சர்வர் வழியாகச் சுருங்கி வருவதால் செய்தி படிக்கலாம், வங்கிக்கு வேண்டவே வேண்டாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் கேட்கும் இ-பாஸை போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குத் தாவினால், ரேம் குறைந்த போன் பிரவுசரைத் தூக்கிப் போட்டுவிட்டு படிவத்தை முதலிலிருந்து கேட்கும். மேலிருந்து அறிவிப்பை இழுத்து எண்ணை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

கடை மேசையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடினால், குரோம் 2023-ல் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் 115 நீடித்த பதிப்புக்கு அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. செய்தி பார்க்க அது போதும், பணப் பரிமாற்றத்துக்கு அந்த மெஷினே வேண்டாம்.

மாறுவதென்றால் புக்மார்க்குகளை ஃபயர்ஃபாக்ஸ் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் கடவுச்சொற்களை குரோம் இப்போது இறுக்கிப் பூட்டுவதால் நேரடியாக வராது: குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, ஃபயர்ஃபாக்ஸின் பாஸ்வேர்டு பக்கத்தில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தாலே எல்லாக் கடவுச்சொல்லும் பச்சையாகத் தெரியும். ஏற்றி முடித்ததும் டவுன்லோட்ஸிலிருந்து அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.