தொலைவை அளக்கும் மூன்று வழிகள்: துடிப்பு, குறுக்கீடு, அதிர்வெண் சீப்பு

வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 299,792,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே ஒரு மீட்டர் என 1983-இல் வரையறுக்கப்பட்டது. எனவே நீளத்தை அளப்பது அடிப்படையில் நேரத்தை அளப்பதே ஆகும். ஆனால் ஒளி ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப 6.7 பிக்கோ விநாடியும் (பிக்கோ என்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு), ஒரு மைக்ரோமீட்டருக்கு 6.7 ஃபெம்டோ விநாடியும்தான் (ஃபெம்டோ என்பது பிக்கோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகின்றன. மின்னணுச் சுற்றுகளுக்கு எளிதில் எட்டாத இந்தச் சிறு இடைவெளியை எவ்வாறு கைக்கொள்வது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் குறிக்கும் முறை எளியது. பல கிலோமீட்டர் தொலைவுக்கும் பயன்படும். மில்லிமீட்டர் துல்லியம் போதுமென்றால் வேறு எதையும் நாட வேண்டியதில்லை.

ஹீலியம்-நியான் லேசர் குறுக்கீட்டுமானி முற்றிலும் வேறு வகை. அது ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நகரும் எதிரொளிப்பானுக்கு அனுப்பி, திரும்பியதும் இரண்டையும் சேர்க்கிறது; அப்போது ஒளியும் இருளுமாகத் தோன்றுபவையே குறுக்கீட்டுப் பட்டைகள். லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர், எதிரொளிப்பான் அதில் பாதி தொலைவு நகர்ந்தாலே ஒரு குறுக்கீட்டுப் பட்டை கடந்து செல்லும். பட்டைகளை எண்ணி, ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நிலையையும் (கட்டம்) பகுத்தால் நானோமீட்டர் அளவிலான நகர்வும் தெரியும். எந்திரக் கருவிகளின் நகர்வைச் சரிபார்க்க இதைவிடச் சிக்கனமான, நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. எனினும் அது சொல்வது நகர்வை மட்டுமே. இருக்கும் தொலைவை அல்ல. ஒளிக்கற்றையை யாரேனும் ஒரு கணம் மறித்தாலும் எண்ணிக்கை அறுந்துவிடும். தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி மீண்டும் எண்ணவேண்டும்.

அதிர்வெண் சீப்பு இவ்விரண்டின் வலிமையையும் ஒரே ஒளியில் சேர்க்கிறது. ஃபெம்டோ விநாடித் துடிப்புகளைச் சீரான இடைவெளியில் வெளியிடும் லேசரின் நிறமாலையில், சீப்பின் பற்களைப்போலச் சம இடைவெளியில் நிற்கும் இலட்சக்கணக்கான கூர்மையான அதிர்வெண்கள் இருக்கும். அந்த இடைவெளி ரேடியோ அதிர்வெண் என்பதால் அதை நேராக அணுக் கடிகாரத்தோடு பிணைக்கலாம். நீளம் அப்படியே விநாடியின் வரையறையோடு கட்டுண்டுவிடுகிறது. இந்தக் கருவியை உருவாக்கியதில் பெரும்பங்காற்றிய தியோடர் ஹென்ஷும் ஜான் ஹாலும் 2005-இன் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அமெரிக்காவின் போல்டரில் உள்ள தேசியத் தரநிலை நிறுவனக் குழு 2009-இல் வெளியிட்ட அளவீடு இதன் திறனைத் தெளிவாகக் காட்டியது. அதில் இரண்டு சீப்புகள் இருந்தன. இரண்டும் விநாடிக்குச் சுமார் 10 கோடி துடிப்புகளை வெளியிட்டாலும், ஒன்று மற்றொன்றைவிட ஏறத்தாழ 5,000 துடிப்புகள் கூடுதலாக வெளியிட்டது. இந்தச் சிறு வேறுபாட்டால் ஒன்றன் துடிப்புகள் மற்றொன்றின் துடிப்புகள்மீது மெல்ல நகர்ந்து செல்ல, ஃபெம்டோ விநாடி நிகழ்வுகள் சுமார் 20,000 மடங்கு நீட்டப்பட்டு, சாதாரண மின்னணுச் சுற்றுகளுக்குப் புலப்பட்டன. 200 மைக்ரோ விநாடியில் 3 மைக்ரோமீட்டர் துல்லியம் கிடைத்தது. 60 மில்லி விநாடி சராசரி எடுத்தபோது 5 நானோமீட்டர். கற்றை அறுந்தாலும் இழப்பில்லை, அடுத்த அளவீடு தானாகவே முழுத் தொலைவையும் தரும்.

குறை இல்லாமல் இல்லை. துடிப்புகளுக்கு இடையே 3 மீட்டர் இருப்பதால், 1.5 மீட்டருக்கு ஒருமுறை அளவு தன்னையே திரும்பச் சொல்லும்; 0.2 மீட்டரும் 1.7 மீட்டரும் ஒன்றுபோலவே தோன்றும். இரு சீப்புகளின் பங்கையும் மாற்றி அளந்து இந்த எல்லையை 30 கிலோமீட்டர்வரை விரித்தார்கள் என்றாலும், கருவியின் விலையும் பராமரிப்பும் குறுக்கீட்டுமானியைவிட மிக அதிகம். ஒளியைத் தனக்குள் சுற்றவிட்டு வலுப்படுத்தும் சிறு ஒத்ததிர்வியில் சில்லு அளவில் உருவாகும் சீப்புகள் மலிவுக்கு வழிகாட்டுகின்றன. 2018-இல் வெளியான, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ குழுவின் ஆய்வில், அவை விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பறந்த துப்பாக்கி ரவையின் வடிவத்தையே பதிவு செய்தன. ஆனால் அவற்றின் துடிப்புகள் மிக நெருக்கமானவை; குழப்பமின்றி அளக்கக்கூடிய எல்லை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இந்த எண்களைப் படிப்போர் பெரும்பாலும் மறப்பது காற்றை. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால், காற்று ஒளியின் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும். ஒரு கிலோமீட்டர் பாதையில் அது ஒரு மில்லிமீட்டர் பிழையாகும். இரண்டு நிறங்களில் ஒரே பாதையை அளந்து காற்றின் விளைவைக் கழிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த இரு அளவுகளின் வேறுபாட்டில் உள்ள சிறு பிழையும் பல மடங்கு பெருகி முடிவில் சேர்கிறது. ஆகவே திறந்த வெளியில் நெடுந்தொலைவு அளப்பவர் சீப்பை வாங்கும் முன், பாதை நெடுகிலும் நல்ல வெப்பமானிகளை வைப்பதே சரியான செலவு என்பது என் உறுதியான கருத்து.

வெற்றிடத்தில் நிலைமை வேறு. 2018-இல் ஏவப்பட்ட கிரேஸ் ஃபாலோ-ஆன் செயற்கைக்கோள்கள் இரண்டும் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்து, அந்த இடைவெளியின் மாற்றத்தை லேசர் குறுக்கீட்டால் நானோமீட்டர் அளவில் காண்கின்றன. புவியீர்ப்பின் ஏற்ற இறக்கத்தை அறிய மாற்றமே போதும் என்பதால் அங்கே குறுக்கீடு மிகப் பொருத்தமான தேர்வு. தனித்தனி விண்கலங்களில் உள்ள ஆடிகள் ஒரே தொலைநோக்கியாகச் செயல்பட வேண்டுமானால் முழுத் தொலைவே ஒளியின் அலைநீளத்துக்கும் குறைவான துல்லியத்தில் தெரிந்தாக வேண்டும். அப்பணிக்கு நான் சீப்பைத்தான் தேர்வேன்.