சூறாவளி டிடக்டிபிள்: ஃபுளோரிடா வீட்டுக்கு 2 சதவீதமா, 5 சதவீதமா?

ஃபுளோரிடாவில் வீட்டுக் காப்பீடு எடுப்பவர் சூறாவளிச் சேதத்துக்கென்றே தனியாக ஒரு டிடக்டிபிளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குவதற்கு முன் வீட்டுக்காரர் தம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை அது. 500 டாலர், 2, 5, 10 சதவீதம் என்பவை மாநிலச் சட்டம் குறிப்பிடும் வழக்கமான படிகள். 500 டாலருக்கான பிரீமியம் பலருக்கும் கட்டுப்படியாகாது. 10 சதவீதத்தை வீட்டுக்கடன் கொடுத்த வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே உண்மையான போட்டி 2-க்கும் 5-க்கும் இடையில்தான். டாம்பா பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு நாங்கள் 2 சதவீதத்தைத் தேர்ந்தோம்.

இந்தச் சதவீதம் சேதத்தின் மதிப்பில் கணக்கிடப்படுவதில்லை. கட்டடம் எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறதோ அந்தத் தொகையில் கணக்கிடப்படுகிறது. 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர், 5 சதவீதம் என்றால் 20,000 டாலர். கூரைக்கு 15,000 டாலர் சேதம் நேர்ந்தால் முதலாமவருக்கு 7,000 டாலர் கிடைக்கும், இரண்டாமவருக்கு ஒன்றும் கிடைக்காது. சதவீதத்தோடு டாலர் தொகையையும் பாலிசியில் காட்ட வேண்டும் என்று ஃபுளோரிடா சட்டம் சொல்வதால், முதலில் தேடிப் படிக்க வேண்டியது அந்த டாலர் தொகையைத்தான்.

5 சதவீதத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஆண்டுதோறும் பிரீமியம் குறையும். கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி, 2002-இல் நடைமுறைக்கு வந்த மாநிலக் கட்டட விதிகளின்படி கட்டப்பட்ட, கூரையும் புதிதாக உள்ள வீடு என்றால், அந்தச் சேமிப்பை விரும்புவதில் தவறில்லை. ஆனால் ஆண்டுக்கு 600 டாலர் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், இரு தெரிவுகளுக்கும் இடையிலுள்ள 12,000 டாலரை ஈடுகட்ட 20 ஆண்டுகள் புயல் சேதமின்றிக் கழிய வேண்டும். உங்கள் ஏஜென்ட்டிடம் இரண்டுக்கும் எழுத்தில் விலை கேட்டு, இதே வகுத்தலைச் செய்து பாருங்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பிரீமியம் அல்ல. புயல் அடித்த அடுத்த சில வாரங்களில் எவ்வளவு ரொக்கம் கையில் இருக்கும் என்ற கேள்விதான். புதுவிலை அடிப்படையில் இழப்பீடு தரும் பாலிசியிலும், நிறுவனம் முதலில் தேய்மானத்தைக் கழித்து, டிடக்டிபிளையும் கழித்து, மீதியையே தரலாம். எஞ்சிய தொகை பழுதுபார்ப்பு வேலை நடக்க நடக்கத்தான் வரும். ஒப்பந்தக்காரரோ முன்பணம் கேட்பார். டிடக்டிபிளைத் தாமே தள்ளுபடி செய்துவிடுவதாக ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள்; சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கூரை திறந்து கிடக்க, மழை தொடர்ந்து பெய்ய, 20,000 டாலரைக் கடன் அட்டையில் ஏற்றும் குடும்பத்துக்கு, அதுவரை மிச்சப்படுத்திய பிரீமியம் எவ்வகையிலும் கைகொடுக்காது. அந்தத் தொகையைத் தொடாமல் வங்கியில் தனியே வைத்திருப்பவருக்கு மட்டுமே 5 சதவீதம் உண்மையான சேமிப்பு.

கட்டுமானச் செலவு உயர உயர, புதுப்பிப்பின்போது கட்டடக் காப்பீட்டுத் தொகையும் உயர்த்தப்படுகிறது. அதோடு டிடக்டிபிளும் ஏறிவிடுகிறது. 4 லட்சம் 4.5 லட்சமானால், 2 சதவீதக்காரருக்கு 1,000 டாலர் கூடும், 5 சதவீதக்காரருக்கு 2,500 டாலர் கூடும்.

ஒரே ஆண்டில் இரண்டு புயல்கள் வந்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 2004-இல் சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் என நான்கு சூறாவளிகள் தாக்கி, சிலர் மீண்டும் மீண்டும் டிடக்டிபிள் ஏற்க நேர்ந்த பிறகு, ஒரே நிறுவனத்தின் காப்பீட்டில் ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு ஒரு டிடக்டிபிள் என்று சட்டம் மாற்றப்பட்டது. அடுத்த புயலுக்கு, அதில் மீதமிருக்கும் தொகை, பிற சேதங்களுக்கான சாதாரண டிடக்டிபிள் ஆகிய இரண்டில் எது பெரிதோ அது கழிக்கப்படும். 2024-இல் ஹெலீனும் மில்டனும் இரு வார இடைவெளியில் வந்ததுபோல் வந்து, முதல் புயலில் 9,000, இரண்டாவதில் 7,000 டாலர் சேதம் என்றும், சாதாரண டிடக்டிபிள் 1,000 டாலர் என்றும் கொள்வோம். 2 சதவீதக்காரருக்கு முதலில் 1,000, பின்பு 6,000 டாலர் கிடைக்கும். 5 சதவீதக்காரருக்கு இரண்டிலும் எதுவும் கிடைக்காது. எந்தத் தெரிவாக இருந்தாலும், சிறிய சேதத்தையும் நிறுவனத்துக்குத் தெரிவித்து ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அதே ஆண்டில் அடுத்த புயல் வந்தால், டிடக்டிபிளில் நீங்கள் ஏற்கெனவே ஏற்றதாகக் கணக்கில் சேர்வது அந்தச் செலவுதான்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் எல்லையும் உண்டு: இவை காற்றுச் சேதத்துக்கானவை, வெள்ளத்துக்கானவை அல்ல. ஹெலீனின்போது டாம்பா விரிகுடாவோர வீடுகளைப் பெரிதும் அழித்தது கடல்நீர் ஏற்றம்; அதற்குத் தனி வெள்ளக் காப்பீடும், அதற்கே உரிய டிடக்டிபிளும் உண்டு.

எங்கள் வீட்டுக்கு இதுவரை பெரிய சேதம் நேரவில்லை என்பதால், மேலே சொன்னது கணக்கும் பாலிசியின் வாசகமும் தந்த முடிவே; இழப்பீடு கேட்டுப் பெற்ற அனுபவம் அல்ல. கடலோரத்துக்கு வெகு தொலைவில், கடன் இல்லாத வீட்டில் இருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம். எந்த முடிவானாலும், ஜூன் 1 அன்று சூறாவளிப் பருவம் தொடங்குவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்: சூறாவளிச் சேதம் நேர்ந்த ஆண்டில் குறைந்த டிடக்டிபிளுக்கு மாற விரும்பினால், அது அடுத்த ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வரக்கூடும்.