சிடி4 எண்ணிக்கைக்கான கன்ட்ரோல் ரத்தம்: வாங்கலாமா?

சிடி4 என்பது எச்ஐவி தாக்கும் ஒரு வகை வெள்ளையணு. அதை லேசர் வைத்து எண்ணும் கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர். காலையில் அதில் பீட்ஸ் (கருவியைச் சோதிக்கும் நுண்மணிகள்) ஓட்டி 'பாஸ்' வந்துவிட்டால், நேராக நோயாளிகளின் சாம்பிளுக்குப் போய்விடும் லேப்கள் நிறைய. பீட்ஸ் சோதிப்பது லேசரையும் டிடெக்டரையும் மட்டும்தான். 50 மைக்ரோலிட்டர் ரத்தம் சரியாக எடுத்தோமா, செல்லில் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடி நன்றாக இருக்கிறதா, சிவப்பணுக்கள் முழுக்கச் சிதைந்தனவா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பதப்படுத்திய கன்ட்ரோல் ரத்தமோ (எண்ணிக்கை எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ரத்தம்) நோயாளி சாம்பிள் போகிற வழியெல்லாம் போய் வரும். அதனால்தான் செலவு போனாலும் பரவாயில்லை என்று வாங்குகிறோம்.

சிடி4 இயல்பாக இருக்கும் நார்மல், குறைவாக இருக்கும் லோ என்று இரண்டு வயல் (சின்னக் குப்பி) வரும். எனக்கு முக்கியம் லோதான். பெரியவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கினால் முற்றிய எச்ஐவி என்று கணக்கு, சிகிச்சையே மாறும். நார்மல் வயல் சரியாக வந்து அங்கே பிசகினால் என்ன பிரயோஜனம்?

ஒருமுறை பீட்ஸ் பாஸ். ஆனால் இரண்டு வயலிலும் எண்ணிக்கை இறங்கியிருந்தது, லிம்போசைட் வெள்ளையணுக்களில் சிடி4 எத்தனை சதவீதம் என்பது மட்டும் அசையவில்லை. ஆன்டிபாடி கெட்டிருந்தால் சதவீதமும் ஆடியிருக்கும். பிப்பெட்டைச் சோதனைக்கு அனுப்பினோம். அளவு குறைவாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே இந்த ரத்தம் போட்ட காசை எடுத்துவிட்டது.

குறைகளும் உண்டு. கூட வரும் சீட்டில் இருக்கும் ரேஞ்ச் ரொம்ப அகலம். பல வகைக் கருவிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று போட்டது. அதை நம்பினால் எதுவுமே பாஸ்தான். சொந்த சராசரியைக் கணக்கிட்டு லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் (கன்ட்ரோல் அளவு சராசரியிலிருந்து நாளுக்கு நாள் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் வரைபடம்) குறித்து வாருங்கள். அப்புறம், பதப்படுத்திய செல்கள் புது ரத்தம் மாதிரி ஸ்கேட்டரில் (செல்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்துப் பிரிக்கும் படம்) விழாது. வெள்ளையணுக்களில் இருக்கும் சிடி45 என்ற அடையாளத்தை வைத்து கேட் போட்டால் (வேண்டிய செல்களை மட்டும் வளைத்துத் தேர்ந்தெடுத்தால்) தலைவலி குறையும்.

2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, உள்ளங்கையில் உருட்டி, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம்.

திறந்த வயலுக்கு ஆயுள் குறைவு. சாம்பிள் குறைவாக வரும் லேபில் பாதி வீணாகிவிடும், சின்ன வயல் கிடைக்குமா என்று கேளுங்கள். பழைய லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) தீருவதற்குள் புது லாட் கைக்கு வருகிற மாதிரி ஆர்டர் போடுங்கள். இரண்டையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டினால்தான் புது லாட்டுக்குச் சராசரி கிடைக்கும்.